பாலன்டைன் கொடிவழிக்குச் சென்னை ஆண்டே உரைகல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆகஸ்டு பிறந்தால் பழைய சென்னைக்கு வந்துபோன வெள்ளைக்காரர்களைப் பற்றிய பேச்சு சூடுபிடிக்கும். அதில் அபூர்வமாக அடிபடும் பெயர் ரிச்சர்ட் பாலன்டைன். ஸ்காட்லாந்தில் 1817-ல் பிறந்து அமெரிக்காவின் யூட்டாவில் குடியேறிய மார்மன், அதாவது பிற்காலப் பரிசுத்தவான்கள் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். 1849 டிசம்பர் 9 அன்று சால்ட் லேக் சிட்டியில் தன் வீட்டிலேயே ஞாயிறு பள்ளி தொடங்கியவர். 1853 ஜூலையிலிருந்து ஓராண்டு சென்னையில் மதப் பிரசாரம் செய்தவர். இவரைப் போன்ற குடியேறிகளின் குடும்ப வரலாறு என்று இணையத்தில் உலவும் கொடிவழிகளில் பல, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. சரிபார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

முதல் வேலை, பிள்ளைகளின் பிறந்த தேதிகளைப் பயணத் தேதிகளோடு பொருத்திப் பார்ப்பது. 1852 ஆகஸ்டில் சபை இவரை இந்தியாவுக்கு என்று பெயர் குறித்தது. அக்டோபரில் கிளம்பினார். சான் பிரான்சிஸ்கோ, கல்கத்தா, சென்னை, லண்டன், நியூ ஆர்லியன்ஸ் என்று உலகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 1855 செப்டம்பர் 25 அன்றுதான் குடியேறிகளின் வண்டிக் கூட்டத்தோடு வீடு திரும்பினார். மனைவி ஹல்டா கிளார்க் அவ்வளவு நாளும் யூட்டாவில். ஆகவே 1853 ஆகஸ்டு முதல் 1856 மே வரை இந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்ததாக ஒரு கொடிவழி சொன்னால், தேதியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தக் காலக் கையெழுத்தில் 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் படித்துவிடுவது சகஜம்.

ஸ்காட்லாந்துப் பக்கம் தேடும்போது தாயார் பெயரில் தடுக்கி விழுவார்கள். அங்கே மணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயரால் பதிவது வழக்கம். எனவே ஆன் பேனர்மன் என்றுதான் தேட வேண்டும். 1843-ல் அமெரிக்கா போன பிறகு அவரே ஆன் பாலன்டைன். ஸ்காட்லாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியது 1855-ல். அதற்கு முந்தியது திருச்சபைப் பதிவேடுதான். பாலன்டைனோ முதலில் அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்த ரிலீஃப் பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர். அப்படிப் பிரிந்தவர்களின் பெயர் ஊர்ப் பதிவேட்டில் இல்லாமல் போவது சாதாரணம். இல்லை என்பதற்காகப் பக்கத்து ஊர் ரிச்சர்டைப் பிடித்துக்கொண்டு வந்து ஒட்டிவிடக் கூடாது. சகோதரி ஜேன், பின்னாளில் சபைத் தலைவரான ஜான் டெய்லரின் மனைவியரில் ஒருவர். டெய்லர் குடும்ப ஆவணங்களிலும் தேடினால் சில விவரங்கள் கிடைக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேறு வகைச் சிக்கல். யூட்டாவில் 1850 கணக்கெடுப்பு உண்மையில் நடந்தது 1851-ல். 1850-லிருந்து வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடுபவர்களுக்கு இதிலேயே ஓர் ஆண்டு பிசகும். 1856-ல் யூட்டா தனியாக எடுத்த கணக்கை நம்பவே வேண்டாம் என்பேன். மாநில அந்தஸ்து கேட்பதற்காகத் தலைகளைக் கூட்டிக் காட்டிய கணக்கு அது. செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டம் வந்ததே 1880-ல்தான். 1890 ஏடுகள் 1921 தீ விபத்துக்குப் பிறகு ஏறக்குறைய மிஞ்சவில்லை.

அக்கால மார்மன் வழக்கப்படி பாலன்டைனுக்கு மனைவியர் மூவர். மேரி பியர்ஸும் கரோலின் சாண்டர்சனும் இந்தியப் பயணத்துக்குப் பின் வந்தவர்கள். ஒரே தாளில் மூவரின் பிள்ளைகளையும் வயது வரிசையில் எழுதினால் தாய் மாறிப்போகும். மனைவிக்கு ஒரு தாள் என்று மூன்று தாள் போடுங்கள். அமெரிக்காவின் 1882 சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரோடு சேர்ந்து வாழ்வதற்கு ஆறு மாதம் வரை சிறையும் 300 டாலர் வரை அபராதமும் விதித்ததால், அதன் பிறகு பல வீடுகளில் இளைய மனைவியை வேலைக்காரி என்றும் விதவை என்றும் சொல்லிவைத்தார்கள். இன்னொன்று, கணவன் மனைவியை என்றென்றைக்கும் இணைப்பதாக மார்மன் கோயிலில் நடக்கும் முத்திரைச் சடங்கின் தேதி திருமணத் தேதியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இறந்தவர்களுக்காக வேறொருவர் நின்று பல ஆண்டுகள் கழித்தும் அந்தச் சடங்கைச் செய்வது உண்டு.

சென்னையில் தேடுவோர் கோட்டைத் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சென்னை மாகாண ஞானஸ்நான நகல்களும் பிற சபைகளுடையவை; மார்மன் பிரசாரகர் கொடுத்த ஞானஸ்நானத்தை அவற்றில் தேடிப் பிடிக்க முடியாது. அந்த ஓராண்டுக்கு ஆதாரம் அவர் கைப்பட எழுதிய நாட்குறிப்பு. அது சால்ட் லேக் சிட்டியில், சபையின் வரலாற்று நூலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை-4