பிழையைப் பார்க்கும் கருவியை வாங்குங்கள்: வடசென்னைப் பள்ளிகளைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னைப் பள்ளிகளின் கல்விப் பணிகளைத் திட்டமிடும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் மாலைநேரப் படிப்பு மையம் ஒன்றில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருபவள் நான். பகலில் கணினி சார்ந்த வேலை. வடசென்னைக்கென்று தனி வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டதிலிருந்து இப்பகுதிப் பள்ளிகளைப் பற்றிய பேச்சும் கூடியிருக்கிறது; திறன்மிகு வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு, கைக்கணினி, செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்ற சொற்கள் பெற்றோர் கூட்டங்களிலும் கேட்கின்றன. இவை வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. ராயபுரத்துப் பிள்ளைக்கும் கொடுங்கையூர்ப் பிள்ளைக்கும் இவை தாமதமாகவே வருகின்றன என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஒவ்வொரு கருவியையும் மென்பொருளையும் வாங்குவதற்கு முன் விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்: பிள்ளை செய்யும் பிழையை இது பார்க்குமா, பார்த்ததை ஆசிரியரிடம் சொல்லுமா?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தவை அந்த இயந்திரங்களேதான். 1957இல் பிராங்க் ரோசன்பிளாட் வடிவமைக்கத் தொடங்கிய பெர்செப்ட்ரான் என்ற ஆரம்பகாலக் கற்கும் இயந்திரம் முதல், ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 1986இல் நேச்சர் இதழில் விளக்கிய பின்பரவல் முறை வரை, அதிலிருந்து இன்று எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும் உரையாடல் செயலிகள் வரை, இயந்திரக் கற்றலின் அடிப்படை பெரிதாக மாறிவிடவில்லை. இயந்திரம் ஒரு விடையை ஊகிக்கிறது. சரியான விடையிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கப்படுகிறது. அந்த விலகலுக்கு, இயந்திரத்துக்குள் இருக்கும் எந்தெந்த எண் எவ்வளவு காரணம் என்று பின்னோக்கிப் பிரித்துப் பார்த்து, ஒவ்வோர் எண்ணும் துளியளவு திருத்தப்படுகிறது. பிறகு அடுத்த ஊகம், அடுத்த அளவு, அடுத்த திருத்தம். 2020இல் வெளியான ஜிபிடி-3 என்ற மொழி மாதிரிக்குள் இப்படித் திருத்தப்பட்ட எண்கள் 17,500 கோடி. அதன் பயிற்சிக்குக் கொடுக்கப்பட்ட சொற்கூறுகள் (சொற்களும் சொல் துண்டுகளும்) ஏறத்தாழ 30,000 கோடி. அவற்றுள் ஒவ்வொன்றும் முதலில் இயந்திரத்தால் ஊகிக்கப்பட்டு, பிறகே உண்மையோடு ஒப்பிடப்பட்டது. சும்மா காட்டிவிட்டுப் போனதால் எந்த இயந்திரமும் கற்றுக்கொண்டதில்லை.

நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு தீனி தேவையில்லை. பதின்மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளையின் காதில் விழும் சொற்கள் 10 கோடிக்குள் இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டே அது சண்டை போடுகிறது, கெஞ்சுகிறது, கதை கட்டுகிறது. பேச்சை யாரும் திருத்தாமலே பிள்ளை பற்றிக்கொள்கிறது. பின்னத்தையும் தசமத்தையும் அப்படிப் பற்றிக்கொள்வதில்லை. அங்கே யாராவது பக்கத்தில் நின்று, எங்கே சறுக்கியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கொருக்குப்பேட்டையிலோ புது வண்ணாரப்பேட்டையிலோ ஒரு கேரம் கிளப்பில் சற்று நேரம் நின்றால் இது விளங்கும். ஸ்ட்ரைக்கர் தவறிய நொடியிலேயே காய் நின்ற இடம் தவற்றைக் காட்டிவிடுகிறது. “ரொம்ப கட் பண்ணிட்ட, கொஞ்சம் உள்ள அடி” என்று பின்னால் நிற்கும் அண்ணன் சொல்லிவிடுகிறார். அடுத்த அடியிலேயே பிள்ளை அதைச் செய்து பார்த்துவிடுகிறது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண்தான். காணொளி பார்த்து மட்டும் அந்தக் கை வந்திருக்காது.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். நான் அறிந்த ஒரு பள்ளியில் ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு பின்னங்களின் கூட்டல் அழகான அசைபடமாகக் காட்டப்பட்டது. பிட்சா வெட்டுப்பட்டது, துண்டுகள் பறந்து சேர்ந்தன, பிள்ளைகள் ரசித்தார்கள். அன்று மாலை எங்கள் மையத்துக்கு வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினார்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டுவது அவர்களுக்கு நியாயமாகவே படுகிறது. அரையோடு இன்னும் ஒன்றைச் சேர்த்த பிறகு விடை அரையைவிடச் சிறியதாக வந்திருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. பலகைக்கு இது தெரியாது. அது பாடத்தை முடித்துவிட்டது. எத்தனை நிமிடம் ஓடியது என்ற கணக்கும் எங்கோ பதிவாகியிருக்கும்.

இந்தப் பிழைகள் கவனக்குறைவால் வருபவை என்று நினைப்பது வழக்கம். அப்படி இல்லை என்று 1978லேயே ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் காட்டிவிட்டார்கள். பிள்ளைகளின் கழித்தல் தவறுகளைக் கணினியைக் கொண்டு ஆராய்ந்த அவர்கள், பல தவறுகளுக்குப் பின்னால் ஒரு நிலையான விதி இருப்பதைக் கண்டார்கள். 52இலிருந்து 17ஐக் கழித்து 45 என்று எழுதும் பிள்ளை, எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது. ஒவ்வொரு முறையும் அதையே தவறாமல் செய்கிறது. 0.5ஐவிட 0.45 பெரியது என்று சொல்லும் பிள்ளை, 5ஐவிட 45 பெரியது என்ற சரியான அறிவைத் தவறான இடத்தில் வைக்கிறது. அந்த விதியைக் கண்டுபிடித்துச் சொன்னால் திருத்தம் ஒரு நாள் வேலை. கண்டுபிடிக்காமல் இன்னும் ஐம்பது கணக்குக் கொடுத்தால் ஐம்பது முறை அதே தவறு உறுதிப்படும். நாற்பது பிள்ளைகளின் நோட்டில் இதைத் தேடிப் பிடிக்க ஓர் ஆசிரியருக்கு நேரமில்லை. கணினிக்கு நேரம் இருக்கிறது, அலுப்பும் இல்லை. ஆக, கணினியிடம் வாங்க வேண்டிய வேலை இதுதான். படம் காட்டுவதற்கு ஆசிரியரும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும்.

தேர்வு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரத்தைப் பயிற்றுவிக்கும் பொறியாளர்கள் தரவின் ஒரு பகுதியை எடுத்துத் தனியே பூட்டிவைக்கிறார்கள். பயிற்சியின்போது இயந்திரம் அதைப் பார்க்கவே கூடாது. கடைசியில் அதைக் கொண்டுதான் சோதனை. பார்த்த கேள்விகளுக்குப் பிரமாதமாகவும் பாராத கேள்விகளுக்கு மோசமாகவும் விடை சொல்லும் இயந்திரத்தை அவர்கள் குப்பையில் போடுவார்கள், மனப்பாடம் செய்துவிட்டது என்று. நாமோ அதே காரியத்தைச் செய்யும் பிள்ளைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு போட்டுக் கைதட்டுகிறோம். கைடில் இருக்கும் கேள்வியே காலாண்டிலும் வருகிறது, அரையாண்டிலும் வருகிறது. இயந்திரத்துக்குக் காட்டும் கண்டிப்பில் பாதியையாவது நம் வினாத்தாளுக்கும் காட்டலாம்.

உரையாடல் செயலிகளைப் பள்ளிக்குள் கொண்டுவருவது பற்றியும் பேச்சு இருப்பதால், துருக்கியில் நடந்த ஓர் ஆய்வை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பயிற்சிக்கு ஜிபிடி-4 கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான வடிவில் அதைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். செயலி எடுக்கப்பட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். ஆசிரியர்கள் தந்த குறிப்புகளைக் கொண்டு, விடையைச் சொல்லாமல் அடுத்த படியை மட்டும் சுட்டுமாறு மாற்றப்பட்ட செயலியைப் பயன்படுத்தியவர்களிடம் அந்தச் சரிவு பெரும்பாலும் காணப்படவில்லை. ஒரே இயந்திரம்தான், பிள்ளை தன் பிழையைத் தானே சந்திக்க விட்டதா இல்லையா என்பதில்தான் வேறுபாடு. முதல் வகையை நம் பிள்ளைகள் ஏற்கெனவே கைப்பேசியில் பயன்படுத்துகிறார்கள், யாரும் வாங்கித்தர வேண்டியதில்லை. அரசுப் பணம் செலவாக வேண்டுமென்றால் இரண்டாம் வகைக்குத்தான்.

டெல்லியிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை மையமாகக் கொண்ட பள்ளிநேரத்துக்குப் பிந்தைய வகுப்புகளுக்கு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களை அனுப்பி, கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. அங்கே வந்த பிள்ளைகளில் பலர் தங்கள் வகுப்புக்குப் பல ஆண்டு பின்தங்கிய நிலையில் இருந்தவர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மென்பொருள் எட்டாம் வகுப்புப் பாடத்தை நீட்டவில்லை. பிள்ளை எங்கே நிற்கிறது என்று சோதித்து, தேவைப்பட்டால் நான்காம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கியது, தவற்றுக்குத் தக்கபடி அடுத்த கேள்வியை மாற்றியது. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: தொண்ணூறு நிமிட வகுப்பில் பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதியில், பன்னிரண்டு முதல் பதினைந்து பிள்ளைகள் கொண்ட குழுவோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காமல் மென்பொருளை மட்டும் வாங்குவது பாதி மருந்தை மட்டும் வாங்குவது போலாகிவிடும்.

வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட முடியாததற்குக் காரணம் உங்களுக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் பல வீடுகள் ஒரே அறை. வீட்டில் ஒரு நல்ல கைப்பேசி இருந்தால் அது அப்பாவோடு காசிமேட்டுக்கோ கன்டெய்னர் லாரியிலோ போய்விடும். இரவு அது திரும்பி வரும்போது சார்ஜும் இருக்காது, பிள்ளைக்குத் தெம்பும் இருக்காது. பள்ளி முடிந்து இருட்டும்வரை பள்ளியின் கணினி அறை பூட்டிக் கிடக்கிறது. கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போல, இணையமும் மேசையும் விளக்கும் உள்ள இடம் வியாசர்பாடிக்கும் எண்ணூருக்கும் வேண்டும். அது வரும்வரை, இருக்கிற கணினி அறையை மாலை ஏழரை வரை திறந்து வைத்து, ஒரு பொறுப்பாளரை நியமித்தாலே பெரிய உதவி.

பிழையைப் பார்ப்பது என்றால் இயந்திரத்தின் பிழையையும் பார்க்க வேண்டும். வாய்மொழியாகக் கேள்வி கேட்டுப் பதில் பெறும் செயலிகள் வரும்போது, எங்கள் பிள்ளைகள் பேசும் தமிழ் அவற்றுக்குப் புரியுமா? “இன்னா சொல்றே, புரில” என்று கேட்கும் பிள்ளைக்குச் செயலி தடுமாறினால், தன் பேச்சுதான் தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சுணரிகளை, அதாவது பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களை, 2020இல் சோதித்தபோது, வெள்ளையர் பேச்சில் சராசரியாக நூற்றுக்கு 19 சொற்களில் பிழை செய்த அவை, கறுப்பினத்தவர் பேச்சில் 35 சொற்களில் பிழை செய்தன. இயந்திரம் யாருடைய குரலைக் கேட்டு வளர்ந்ததோ அவர்கள் பேச்சுத்தான் அதற்கு நன்றாகக் கேட்கும். வடசென்னைத் தமிழுக்கு அப்படி ஓர் அளவீடு செய்யப்பட வேண்டும். செயலியை விற்க வருபவர் அதைச் செய்து காட்டும் வரை வாங்கக் கூடாது. மோசில்லாவின் காமன் வாய்ஸ் போன்ற பொதுத் திட்டங்களில் தமிழும் உண்டு. தன்னார்வலர் குரல் கொடுக்க, மற்றவர்கள் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். நம் பகுதிக் கல்லூரி மாணவர்கள் அதில் பங்கெடுத்தால், செயற்கை நுண்ணறிவு எப்படிக் கற்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

பதினெட்டு வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் கவனம் வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பிள்ளையின் பிழைப் பட்டியல் என்பது அதன் அந்தரங்கம். இயந்திரம் தவறு செய்தால் அதற்கு வெட்கமில்லை. எட்டாம் வகுப்பில் இருந்துகொண்டு நான்காம் வகுப்புக் கணக்குப் போடும் பெண்ணுக்கு வெட்கம் உண்டு. அவளுடைய தவறு ஆசிரியரின் திரையில் தெரிய வேண்டும், வகுப்பின் பெரிய திரையில் பெயரோடும் தரவரிசையோடும் தெரியக் கூடாது. விற்பனை நிறுவனத்தின் கிடங்கில் அது ஆண்டுக்கணக்கில் தங்கவும் கூடாது.

எனவே நான் கேட்பது இவ்வளவே. எந்த மென்பொருளையும் மொத்தமாக வாங்குவதற்கு முன், வடசென்னையில் இரண்டு பள்ளிகளில் ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதைப் பெறாத இரண்டு பள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருவத்தின் கடைசியில், பாடநூலிலும் செயலியிலும் இல்லாத கேள்விகளைக் கொண்டு, நான்கு பள்ளிகளிலும் தாளில் தேர்வு வையுங்கள். எத்தனை மணி நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்ற கணக்கை அந்த அறிக்கையில் சேர்க்க வேண்டாம். முடிவு சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும் நான்கு பள்ளிகளின் மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் பெற்றோர் முன்னிலையில் அது படிக்கப்பட வேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்து அதற்குப் பிறகே இடப்பட வேண்டும். வினாத்தாள் தயாரிக்கவும் விடைத்தாள் திருத்தவும் எங்களைப் போன்ற மாலைநேர மையங்களில் இருப்பவர்கள் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாலைநேரப் படிப்பு மையக் கணித ஆசிரியை,
வியாசர்பாடி, சென்னை