வாய் இல்லாத நாயைப் படைத்தவருக்கு

மதிப்பிற்குரிய நிக் பார்க் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாழ்க்கையை உங்களிடமே எடுத்துச் சொல்வது வேடிக்கைதான் என்றாலும், இக்கடிதத்தைப் படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் வாசகர்கள் என்பதால் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன். களிமண் பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் ஒரு பிரேமாக, அதாவது தனிப் படமாக எடுத்துக் கோத்து நீங்கள் உருவாக்கும் அனிமேஷன் படங்களில் வாய் திறக்காத பாத்திரங்களே ஏன் நம்மிடம் இவ்வளவு பேசுகின்றன என்பது நெடுநாளாக என் மனத்தில் இருந்துவரும் கேள்வி.

1958இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் ஒரு புகைப்படக் கலைஞரின் மகனாகப் பிறந்த நீங்கள், அம்மாவின் சினிமா கேமராவை வைத்துப் பதின்மூன்று வயதிலேயே படமெடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஷெஃபீல்டில் படித்து முடித்தபின், தேசியத் திரைப்படத் தொலைக்காட்சிப் பள்ளியில் மாணவர் படமாக நீங்கள் ஆரம்பித்த ‘எ கிராண்ட் டே அவுட்’ 1989இல்தான் முடிந்தது. அசட்டுக் கண்டுபிடிப்பாளர் வாலஸும் அவருடைய புத்திசாலி நாய் கிராமிட்டும் அறிமுகமான படம் அது. இடையில் 1985இல் பிரிஸ்டலில் பீட்டர் லார்டும் டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும் நடத்திவந்த ஆர்ட்மேன் ஸ்டுடியோவில் சேர்ந்து, அங்கு வந்த வேலைகளையும் செய்துகொண்டே இதையும் வளர்த்தீர்கள். பாடகர் பீட்டர் கேப்ரியலின் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ பாடல் வீடியோவில் உரித்த கோழிகள் ஜோடியாக ஆடுமே, அது உங்கள் கைவேலைதான் என்று பலருக்குத் தெரியாது.

கிராமிட்டுக்கு முதலில் வாயும் குரலும் கொடுப்பதாகத்தான் இருந்தீர்கள். வாலஸ் ஒரு கதவை ரம்பத்தால் அறுக்கும் காட்சியில் அந்த நாய் அதற்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்க, பொம்மையைக் கையால் எட்டுவதே கடினமாக இருந்ததால் புருவத்தையும் கண்ணையும் காதையும் மட்டும் அசைத்துப் பார்த்தீர்கள். அதுவே போதும் என்று தெரிந்ததும் வாயை எடுத்தேவிட்டீர்கள். மணிபோன்ற கண்ணின் நடுவில் கருவிழியாகத் தெரிவது ஒரு சிறு துளை. அதில் ஊசியை நுழைத்துத் திருப்பினால் பார்வை திரும்பும். புருவக் களிமண்ணைக் கட்டைவிரலால் ஓர் இழை கீழே அழுத்தினால் சந்தேகம், நடுவில் மேலே தூக்கினால் வேதனை. ஒரு விநாடிப் படத்துக்கு 24 பிரேம்கள் வேண்டியிருக்க, எஜமானரின் அசட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு பெருமூச்சை அந்தப் புருவத்தில் கொண்டுவர எத்தனை முறை தொட்டு எடுக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பேச்சு வேண்டிய இடத்தில் நீங்கள் அதை உண்மையான மனிதர்களிடமே போய் வாங்கினீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்’ படத்தில் மிருகக்காட்சிசாலை விலங்குகள் தத்தம் கூண்டைப் பற்றிப் பேசுவதெல்லாம் சாதாரண மக்களின் பேட்டிகளில் பதிவான குரல்கள். இடம் போதவில்லை, வெயில் இல்லை என்று அலுத்துக்கொள்ளும் அந்தப் பெரும்பூனையின் குரல் ஒரு பிரேசில் நாட்டு மாணவருடையது. 1991 ஆஸ்காரில் இதுவும் ‘எ கிராண்ட் டே அவுட்’டும் ஒன்றையொன்று எதிர்த்து நின்று, இதுவே வென்றது.

ஆனாலும் என் வாக்கு 1993இல் வந்த ‘தி ராங் டிரவுசர்ஸ்’ படத்துக்குத்தான். ஃபெதர்ஸ் மெக்ரா என்ற அந்தப் பெங்குவினுக்குப் புருவம்கூடக் கிடையாது. இரண்டு கறுப்புக் கண்கள், ஓர் அலகு, கோழி வேடத்துக்குத் தலையில் ஒரு சிவப்பு ரப்பர் கையுறை, அவ்வளவுதான். ஆனால் அது அசையாமல் நின்று பார்க்கும்போது பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பொம்மை ரயில் துரத்தலில் ஓடும் ரயிலுக்கு முன்னால் கிராமிட் தண்டவாளத்தை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே போகும் காட்சிக்காக, ஒவ்வொரு பிரேம் பதிவாகும்போதும் ரயிலோடு சேர்த்துக் கேமராவையும் நகர்த்திப் பின்னணியைக் கலங்கலாக்கி வேகத்தை வரவழைத்தீர்கள். அந்தச் சில நிமிடங்களில் யாரும் வசனம் பேசித் தீர்த்துவைப்பதாக எதுவுமே இல்லை.

முழுநீளப் படங்களுக்கு வந்த பிறகு இந்த மௌனம் கொஞ்சம் குறைந்துபோனது என்பது என் அபிப்பிராயம். ‘சிக்கன் ரன்’னும் 2005இல் வந்த ‘தி கர்ஸ் ஆஃப் தி வேர்-ராபிட்’ என்ற முயல் படமும் கதைக்கட்டு நன்றாக அமைந்ததால் தப்பித்துக்கொண்டன, முயல் படம் ஆஸ்காரும் வாங்கியது. 2018இல் வந்த ‘எர்லி மேன்’ படத்தில் எல்லோரும் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. அதனால்தான் 2024 கிறிஸ்துமஸ் அன்று பிபிசியில் ‘வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபவுல்’ படத்தில் அதே பெங்குவின் ஃபெதர்ஸ் மெக்ரா திரும்பி வந்தபோது, அதற்கு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வார்த்தைகூட நீங்கள் கொடுக்கவில்லை என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம். முன்பு வாலஸின் குரலாக இருந்த பீட்டர் சாலிஸ் மறைந்துவிட்டதால், இந்தப் படத்தில் வாலஸுக்கு பென் வைட்ஹெட் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. கிராமிட்டுக்கு அந்தக் கவலையே இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்து எடுப்பது முழுநீளப் படமாக இல்லாமல் மீண்டும் ஓர் அரைமணி நேரப் படமாக இருக்கட்டும். முடிந்தால் அதில் வாலஸ் வீட்டில் இல்லாத ஒரு நாளில் கிராமிட் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன் ஒருவன்