வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, காப்பகங்களில் கிடக்கும் பழைய தாள்களிலிருந்து சாதாரண மனிதர்களின் வாழ்க்கையை வரலாற்றாசிரியர்கள் எப்படிக் கண்டெடுக்கிறார்கள் என்பதையே இந்த ஆண்டு முழுவதும் படித்தோம். கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

எங்களை அதிகம் பிடித்துவைத்தது மார்த்தா பல்லார்டின் நாட்குறிப்பு. அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் மருத்துவச்சியாக இருந்தவர், 1785 முதல் 1812 வரை எழுதியது. 816 பிரசவங்கள் அதில் பதிவாகியுள்ளன. வானிலை, நெசவு, யார் வீட்டுக்குப் போனார், கூலி வந்ததா என்று நாளுக்குச் சில வரிகள்தான். அற்ப விஷயங்கள் என்று பலர் தள்ளிவைத்த அந்த வரிகளை வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிச் பொறுமையாகக் கணக்கெடுத்து, ஊரின் மற்றப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார். பெண்கள் தங்களுக்குள் நடத்திவந்த கொடுக்கல் வாங்கல் முழுதும் அப்போதுதான் தெரியவந்தது. மணமாகாத பெண் பிரசவ வலியில் இருக்கும்போது, குழந்தையின் தகப்பன் யார் என்று மருத்துவச்சி கேட்பது அன்றைய வழக்கம். 1791இல் ஒரு பெண் சொன்னது மார்த்தாவின் சொந்த மகன் பெயரை. அதையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். மறு ஆண்டு அந்தப் பெண்ணுக்கும் மகனுக்கும் திருமணம் நடந்தது. இந்தப் பகுதியைப் படித்த அன்று கூட்டம் முடிய வெகுநேரமாயிற்று.

அப்புறம், பிரான்சின் மலைக்கிராமமான மோந்தாயூ. கத்தோலிக்க ஆயர் ஜாக் ஃபூர்னியே, திருச்சபைக்கு மாறான நம்பிக்கை உள்ளவர்களைக் கண்டுபிடிக்க 1318 முதல் 1325 வரை நடத்திய மதவிசாரணையின் பதிவேட்டில் அந்த ஊர்மக்களின் வாக்குமூலங்கள் இருக்கின்றன. பயத்தில் சொன்னதை, அதுவும் எழுத்தர் லத்தீனில் மாற்றி எழுதியதை, அவர்கள் குரல் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி. விசாரணைக்குத் தேவைப்படாமல் பேச்சோடு பேச்சாக வந்து விழுந்தவற்றை அதிகம் நம்பலாம் என்பது என் கருத்து. ஆடு மேய்க்கப் போன வழி, பேன் பார்த்தபடி பேசிய ஊர்க்கதை, இவற்றில் பொய் சொல்ல யாருக்கும் காரணமில்லை.

ஏழாண்டுப் போரின்போது, 1758இல், பிரிட்டிஷார் பிடித்த கலாத்தே என்ற பிரெஞ்சுக் கப்பலின் மாலுமிகளுக்கு வீட்டார் எழுதிய கடிதங்களைப் பற்றியும் படித்தோம். உரியவர் கைக்கு அவை போய்ச் சேரவே இல்லை. பெரும்பாலானவை முத்திரை உடைபடாமல் பிரிட்டனின் காப்பகத்தில் இரண்டரை நூற்றாண்டு கிடந்தன. உனக்கு நிச்சயித்த பெண்ணுக்குத்தானே எழுதுகிறாய், எனக்கு எங்கே எழுதுகிறாய் என்று ஒரு தாய் மகனிடம் குறைப்படுகிறாள். எழுதத் தெரியாதவர்கள் பிறரிடம் சொல்லி எழுதுவித்தவையும் இவற்றில் உண்டு. அதனால் எழுத்தறியாதவர்களைப் பற்றி ஆவணமே இருக்காது என்ற எண்ணத்தை நாங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

வரும் ஆண்டில் பழைய கையெழுத்துகளைப் படிக்கப் பயிற்சி தொடங்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. சேர விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்