செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சங்கக் குடும்பங்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, கோடைக்கால ஒன்றுகூடல் எல்லாம் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு நியூயார்க் நகரின் புரூக்ளினில், கறுப்பின மக்கள் உருவாக்கிய பழைய ஊரான வீக்ஸ்வில்லின் நினைவைக் காக்கும் வீக்ஸ்வில் பாரம்பரிய மையத்துக்குப் போய்வந்ததைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827இல் ஒழிந்தது. ஆனாலும் கறுப்பின ஆண்கள் ஓட்டுப்போட 250 டாலர் மதிப்புள்ள சொத்து வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. அந்தக் காலத்தில், 1838இல், ஜேம்ஸ் வீக்ஸ் என்ற கறுப்பினத் துறைமுகத் தொழிலாளி இங்கே மனை வாங்கினார். அவர் பெயரால்தான் ஊருக்கு வீக்ஸ்வில் என்று பெயர். இன்னும் பலர் வாங்கிக் குடியேற, பள்ளி, தேவாலயம், பத்திரிகை என்று ஊர் வளர்ந்தது. 1863இல் கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பை எதிர்த்து எழுந்து, கறுப்பின மக்களைத் தாக்கிய கலவரத்தில் மன்ஹாட்டனிலிருந்து உயிர்தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் இது.

அப்புறம் நகரம் பெருகி, ஊர் இருந்த சுவடே மறைந்தது. 1968இல் வரலாற்று ஆய்வாளர் ஜேம்ஸ் ஹர்லியும் விமானி ஜோசப் ஹேன்ஸும் சிறு விமானத்தில் பறந்து தேடினார்கள். கட்டம் போட்ட தெருக்களுக்கு நடுவே கோணலாக ஒரு பழைய பாதை தெரிந்தது. ஹண்டர்ஃபிளை சாலை! அதன் ஓரம் நான்கு மரவீடுகள். அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளே பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நகர ஆணையத்தின் முன் போய் அவற்றுக்காகப் பேசினார்கள். 1970இல் வீடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஜோன் மேனார்ட் அம்மையார் பல ஆண்டுகள் உழைத்து மையத்தை நிலைநிறுத்தினார்.

மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த ஒரு பெண்ணின் பழைய படத்தை 'வீக்ஸ்வில் சீமாட்டி' என்கிறார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. நம் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டது அவரைப் பற்றித்தான்.

2019இல் பணமில்லாமல் மூடும் நிலை வந்தபோது, பொதுமக்கள் கொடுத்த நன்கொடை மையத்தைக் காப்பாற்றியது. அதன்பின் நகர நிர்வாகத்தின் தொடர் நிதியும் கிடைத்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் இல்லாவிட்டால் 1965 குடியேற்றச் சட்டம் வந்திருக்குமா? அந்தச் சட்டத்தால்தான் நம்மில் பலருடைய குடும்பங்கள் இங்கே வர முடிந்தது. நாம் பட்ட கடன் பெரிது.

ஆகவே, ஆண்டுச் சந்தாவில் ஒரு பங்கை இந்த மையத்துக்கு நன்கொடையாக ஒதுக்கவும், தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அங்கே அழைத்துச் செல்லவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். கார் ஓட்டி உதவிய பெற்றோருக்கும், புளிசாதம் கட்டிக்கொடுத்த அக்காமாருக்கும் மனமார்ந்த நன்றி.

செயலாளர்