காது மிஷினும் தேன்சிட்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கடிதத்தில் உடம்பைப் பற்றி இரண்டே வரி, வானத்தின் நீலத்தைப் பற்றி இரண்டு பக்கம். இத்தனை வருடமாக யார் அதை ஒளித்து வைத்திருந்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். உன் கண்தான். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டுத் தெளிவான ஒன்றை வைத்ததும் தடுக்கப்பட்டிருந்த நீலம் உள்ளே பாய்கிறது. ஓவியர் மோனே 1923ல் தன் 82ஆம் வயதில் இதே அறுவையைச் செய்துகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் வரைந்த சில தோட்டக் காட்சிகள் செம்பழுப்பில் தகிக்கின்றன. அவருக்குத் தோட்டம் அப்படித்தான் தெரிந்தது. உனக்கு உலகம் எப்படித் தெரிந்தது என்பதற்கு உன் பழைய கவிதைகளைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

உனக்குக் கண் என்றால் எனக்குக் காது. ஒருவழியாக மிஷின் மாட்டிக்கொண்டேன். சிரித்துவிட்டு மேலே படி.

பரிசோதனைக்குப் போனபோது ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். தாழ்ந்த ஒலிகள் உள்ள பக்கத்தில் கோடு ஒழுங்காக நடந்து வருகிறது; உயர்ந்த ஒலிகள் உள்ள பக்கத்தில் சட்டென்று சரிந்து விழுகிறது. முதுமையில் பெரும்பாலும் இப்படித்தானாம். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்தது; அது தப்பித்துவிடுகிறது. ச, ஸ போன்ற சீறும் ஒலிகள் உயரத்தில் இருப்பவை. முதலில் கைவிட்டுப் போகின்றன. பேசுகிறார்கள் என்பது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் கேட்பதில்லை. இலக்கியக் கூட்டங்களில் இது ஒரு வரம் என்று நீ சொல்வாய்.

தேன்சிட்டு விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. மிஷின் வருவதற்கு முன்பே தாழ்வாரத்துக் கம்பியில் ஒரு பெண் தேன்சிட்டு கூடு கட்டத் தொடங்கியிருந்தது. நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி நூலால் இழுத்துப் பிணைத்து, பக்கவாட்டில் வாசல் வைத்து, வாசலுக்கு மேல் மழை படாதபடி ஒரு சிறிய இறவாரமும் இறக்கியது. கட்டியது முழுக்கப் பெண்தான். ஆண் கிளையில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது பாடுகிறது என்பது எனக்குத் தெரியும். அலகு திறக்கிறது, தொண்டை துடிக்கிறது, ஒலி மட்டும் வரவில்லை. தோட்டத்தின் மறுகோடியில் செம்போத்து ஊப் ஊப் என்று அடிவயிற்றிலிருந்து எழுப்புவது மட்டும் குறையில்லாமல் கேட்டது.

என் மகள் கைப்பேசியில் மெர்லின் என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தாள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகம் உருவாக்கியது; 2021 முதல் குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்கிறது. அது வேலை செய்யும் முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒலியை அப்படியே படமாக மாற்றி, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பறவையை அடையாளம் காண்கிறது. ஆக, அதற்கும் காது கிடையாது. திரையில் உயரத்தில் சின்னச் சின்னக் கீறல்கள் ஓடுகின்றன. கீழே தேன்சிட்டின் பெயர் ஒளிர்கிறது. என் காதுக்குள் அமைதி. கேட்காத பாட்டைப் படித்துத் தெரிந்துகொள்வது எழுத்தாளனுக்குப் பொருத்தமான தண்டனைதான்.

பிறகு மிஷின் வந்தது. முதல் நாள் நரகம். செய்தித்தாளைப் புரட்டினால் தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல் இருந்தது. என் குரலே யாரோ அறிமுகமில்லாதவன் அறைக்குள் வந்து பேசுவதாகத் தோன்றியது. மெல்ல மெல்லத்தான் பழகியது. தேன்சிட்டு முழுதாகத் திரும்பி வந்துவிட்டது என்று எழுதி உன்னை மகிழ்விக்க ஆசைதான். ஆனால் மிஷின் ஒலியைப் பெருக்கித்தான் தரும். செத்துப்போன செல்களுக்கு உயிர் தராது. பாட்டின் கீழ்ப்பகுதி கேட்கிறது. உச்சியில் இருப்பது போனது போனதுதான்.

இதில் எனக்குப் பொறாமை ஒன்று உண்டு. நம் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பாலூட்டிகளின் விதி அது. பறவைகளுக்கோ முளைக்கின்றன! கோழியிலும் காடையிலும் இதைக் கண்டறிந்து 1988ல் வெளியிட்டார்கள். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் கூகைகளின் செவித்திறனைச் சோதித்து 2017ல் எழுதியிருக்கிறார்கள்: கிழட்டுக் கூகைக்கும் இளம் கூகைக்கும் கேட்பதில் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. அவற்றில் ஒன்றுக்கு வயது 23. இரவில் எங்கள் கூரைக்கு மேல் பறக்கும் கூகையை இப்போது கொஞ்சம் முறைத்துத்தான் பார்க்கிறேன்.

பூனையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது தானாக வந்து, தானாகவே இந்த வீட்டில் இருப்பது என்று முடிவு செய்துகொண்டது. எத்தனையோ பாத்திரங்களுக்குப் பெயர் வைத்த எனக்கு இதற்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை. வைத்தாலும் அது திரும்பிப் பார்க்கப் போவதில்லை. மனிதக் காது மிஞ்சிப்போனால் 20,000 ஹெர்ட்ஸ்வரை எட்டும், அதுவும் சிறு வயதில். பூனைக்கு 60,000க்கு மேலும் கேட்கும். எலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சுருதி அங்கேதான் இருக்கிறது. வெறும் சுவரை அது உற்றுப் பார்ப்பதைப் பேய் பார்க்கிறது என்று முன்பெல்லாம் கதையில் எழுதியிருப்பேன். இப்போது அதன் காது மடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறேன். இரண்டும் தனித்தனியாகத் திரும்புகின்றன. ஒன்று சுவரில், ஒன்று என்மேல். நாம் இருவரும் இருபது வயதில் கூர்மையான காதோடு ஊரைச் சுற்றியபோதும் இந்தப் பூனையின் கணக்குப்படி அரைச் செவிடர்கள்தாம்.

டார்வினின் கடைசி நூல், 1881ல் வந்தது, மண்புழுக்களைப் பற்றியது. அடுத்த ஆண்டு இறந்துபோனார். புழுக்களைத் தொட்டியில் வைத்துக்கொண்டு விசில் ஊதிப் பார்த்திருக்கிறார், பக்கத்தில் பஸ்ஸூன் என்ற பெரிய ஊதுகுழலை வாசிக்கவைத்திருக்கிறார், பியானோவையும் உரக்க வாசிக்கவைத்திருக்கிறார். புழுக்கள் அசையவே இல்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் விருட்டென்று வளைக்குள் போய்விட்டன. காதில்லை, உடம்பு முழுக்க அதிர்வு தெரிகிறது. இதைப் படித்த அன்று மிஷினைக் கழற்றிவிட்டு, பூனையின் விலாவில் உள்ளங்கையை வைத்து அதன் குறுகுறுப்பைக் கேட்டேன். கேட்டேன் என்றே எழுதுகிறேன். நீ திருத்தாதே.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘இயற்கையோடு இயைந்த முதுமை’ என்று என்னைப் பற்றி எங்காவது பேசினாயோ, நட்பு முறிந்தது. கொசுவோடு எனக்கு எந்த இயைபும் இல்லை. அதன் ரீங்காரத்தை மிஷின் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றியும் இல்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பிராணிகள் எதுவும் என்னைப் படித்ததில்லை. அடுத்த நாவல் எப்போது என்று கேட்பதில்லை. நீ கேட்டிருக்கிறாய். நாவல் இல்லை. காலையில் பார்த்ததை அன்றைக்கே சில வரிகளாக எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

நீச்சல் வகுப்பில் சேரப் போவதாக எழுதியிருக்கிறாயே, கண் மருத்துவரிடம் கேட்டுவிட்டாயா? அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் கண்ணுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்பார்கள். அவசரப்படாதே. அந்த வாரங்களில் உனக்கு வேலை இருக்கிறது. என் பழைய சிறுகதைகளை மறுபதிப்புச் செய்கிறார்கள். புரூஃப் வந்து கிடக்கிறது. புதுக் கண் உன்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கிறேன். ஒற்றுப்பிழைகளை மட்டும் பார்த்தால் போதும், கதையைத் திருத்த வேண்டாம்.

அன்புடன்,
உன் நண்பன்