பிடித்த கேஸை எங்கே கொடுப்பதுங்க?
ஓசோன் பிரிவுக்குக் கொங்கு மண்டல ஏசி மெக்கானிக்குகளின் திறந்த மடல்

பெறுநர்: ஓசோன் பிரிவு, மத்திய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம், புது டெல்லி.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கமுங்க.

இந்தக் கோடையில் எங்கள் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றில் ஓசோனை அரிக்கும் ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸில் ஓடும் பழைய ஏசிகளைக் கழற்றினார்கள். பழைய மெஷினுக்கு எவ்வளவு, செப்புக் குழாய்க்கு எவ்வளவு என்று டெண்டரில் எல்லாம் இருந்தது. உள்ளே இருக்கும் கேஸைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் குழாயை வெட்டினார், கேஸ் சீறிக்கொண்டு போய்விட்டது. அந்த ஆளின் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. வெட்டாமல் பிடித்திருந்தால் அவர் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார் என்பதுதான் எங்கள் கேள்வி.

ஓசோனை அரிக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்தும் 2000-ஆம் ஆண்டு விதிகளும், ஆர்-22 வகைக் கேஸ்களுக்கு 2025 ஜனவரியில் வந்த 67.5 சதவீதக் குறைப்பும், அவற்றைக் கைவிட வைத்த 2030 கெடுவும் நீங்கள் அறிந்தவையே. புது ஆர்-22 வரத்து சுருங்கும். மில் ஆபீசிலும் பனியன் கம்பெனியிலும் ஊர்ப் பால் குளிர்விப்பானிலும் ஓடுகிற பழைய மெஷின்களோ ஒரே நாளில் நிற்கப்போவதில்லை. அவற்றுக்கு நிரப்ப, கழற்றும் மெஷினிலிருந்து பிடித்த கேஸ்தான் கைகொடுக்க வேண்டும்.

ஒன்றரை டன் ஸ்பிளிட்டில் ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே கேஸ் இருக்கும். கம்ப்ரசர் ஓடினால் வேலை எளிது. கூலிங்கில் ஓடவிட்டு, ஆலன் கீயால் சின்னக் குழாய் வால்வை மூடி, கேஜ் முள் சைபரை நெருங்கும்போது பெரிய குழாய் வால்வையும் மூடி உடனே அணைத்தால் கேஸ் அவுட்டோரில் அடைந்துவிடும். ஆனால் அந்த அவுட்டோர் போவது பழைய இரும்புக்கடைக்கு. அங்கே செம்புக்காக அறுக்கும்போது, மாடியில் காற்றோடு போகாமல் தடுத்த கேஸ் கடையில் போகிறது.

கம்ப்ரசர் எரிந்திருந்தால் இப்படி அவுட்டோரில் அடைக்கும் பம்ப்-டவுனுக்கே வழியில்லை. கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் ஏற்றும் மீட்பு மெஷின், தராசு, சிலிண்டர் மூன்றையும் மாடி ஏற்ற வேண்டும். 40 டிகிரி வெயிலில் சிலிண்டருக்குள் ஆர்-22 அழுத்தம் 200 பிஎஸ்ஐயைத் தாண்டும், மெஷின் திணறும். நனைத்த கோணிச்சாக்கைப் போர்த்திச் சிலிண்டரைக் குளிர வைத்தால்தான் கேஸ் ஏறும். சிலிண்டர் 80 சதவீதம் நிறைந்ததும் நிறுத்தியாக வேண்டும். அதற்கு மேல் போனால் சூட்டில் திரவம் விரிய இடமில்லாமல் சிலிண்டர் வெடிக்கும். எரிந்த கம்ப்ரசரின் கேஸில் அமிலம் கலந்திருக்கும், அதற்குத் தனிச் சிலிண்டர். ஆர்-32, ஆர்-410ஏ என்ற மற்றக் கேஸ்கள் ஒவ்வொன்றுக்கும் தனி. கேஸோடு கேஸ் கலந்துவிட்டால், ஈரத்தையும் அழுக்கையும் வடிகட்டும் பில்டர் டிரையரால் பிரிக்க முடியாது.

இத்தனையும் செய்து முடித்தபின் கையில் நிற்பது நிறைந்த சிலிண்டர். கட்டிவைத்துத் தீனி போட அதென்ன கன்றுக்குட்டியா? விற்கும் கடையில் கேட்டால் தெரியாது, கம்பெனியில் கேட்டால் தெரியாது. மறுபடி நிரப்பும் தரத்துக்குக் கொண்டுவர ஈரம் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), தூய்மை 99.5 சதவீதம் வேண்டும். அதைச் சோதிக்க மெக்கானிக்கின் பையில் இருக்கும் கேஜ் போதாது. ஆக, முறையாகப் பிடித்தவருக்கு அரைநாள் கூலி நட்டம், சிலிண்டரும் முடக்கம். வெட்டிவிட்டவர் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

ஆலையை மாற்ற கம்பெனிகளுக்குப் பன்னாட்டு நிதி கிடைத்தது, நல்லது. எங்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கிடைக்கின்றன. செப்டம்பர் 16 வந்தால் ஓசோன் தினப் பதாகையும், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியும் உண்டு. அந்தப் பிள்ளைகள் வரையும் ஓசோன் குடையில் இருக்கும் ஓட்டை எங்கள் ஊர் மாடியில்தான் விழுகிறது என்று யாரும் சொல்வதில்லை போலும். ஒரு கிலோ ஆர்-22 ஓசோனை அரிப்பதோடு நிற்காமல், சுமார் 1,800 கிலோ கரியமில வாயு அளவுக்குச் சூடேற்றவும் செய்யும்.

கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது சலுகை அல்ல, ஒப்படைக்க ஓர் இடம். பழைய ஏசியைக் கழற்றும் எந்த அரசு டெண்டரிலும், பிடித்த கேஸுக்கு எடைச்சீட்டு காட்டினால்தான் பில் பாஸாகும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்கிலும் கேஸை எடைபோட்டு, கிலோவுக்கு விலை கொடுத்து வாங்கி, காலிச் சிலிண்டரை மாற்றித்தரும் மையம் வையுங்கள். மீட்பு மெஷினை நாள் வாடகைக்கு அங்கேயே கொடுங்கள். கலந்துபோன கேஸையும் தட்டிக்கழிக்காமல் வாங்கி, அழிக்கும் இடத்துக்கு அனுப்பும் பொறுப்பையும் அந்த மையமே ஏற்கட்டும். அடுத்த பங்குனிக்குள் ஒரு மையமாவது திறந்தால் சீசன் வேலைக்கு உதவும், தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இங்ஙனம்,
கொங்கு மண்டல ஏசி, பிரிட்ஜ் மெக்கானிக்குகள்