சம்மதித்துத்தானே வந்தார்கள் என்கிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. அடிமைமுறை எல்லாக் காலத்திலும் தவறு என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, பஞ்சத்தில் சாகக் கிடக்கிறவன் தன்னையே விற்று உயிர் பிழைத்தால் அதில் என்ன அநியாயம், எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்ணையில் ஆட்களைப் பெற்ற பிள்ளைகள் மாதிரி வைத்திருந்தார்கள், இன்றைக்குக் கம்பெனியில் கால் கடுக்க நிற்கிறவனைவிட அவர்கள் நிம்மதியாகத்தான் இருந்தார்கள் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். எழுதியவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. படித்தவர், நிதானமாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதே வார்த்தைகளை நான் செங்கல் சூளை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொத்தடிமைகளை மீட்கக் கோட்டாட்சியர் கிளம்பும்போது ஜீப்பில் கூடப் போனவர்களில் நானும் ஒருவன்.

முதலில் அவருடைய பஞ்ச வாதத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் கனமானது அதுதான். அவர் கற்பனையாகச் சொல்லியிருக்கிறார், நம் ஊர்க் கல்வெட்டிலேயே நிஜமாக இருக்கிறது. கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் திருப்பாம்புரம் என்று ஒரு ஊர். மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201. காலம் கெட்டு, ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் என்று விலை ஏறிப்போன சமயத்தில், ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்கள் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. சவுக்கோ சங்கிலியோ அதில் இல்லை. யாரும் அவர்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர்களாகவே வந்தார்கள், உயிரோடும் இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

சரி, அந்த அப்பா செய்தது தவறா? நிச்சயமாக இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கேள்வி அவரைப் பற்றியதே இல்லையே. அந்த வருஷம் நெல் வைத்திருந்தது யார், அந்த நெல்லைக் கொடுக்க அவர்கள் போட்ட நிபந்தனை என்ன என்பதுதான் கேள்வி. கடனாகக் கொடுத்திருக்கலாம், மழை பெய்ததும் வேலை செய்து கழிக்கச் சொல்லியிருக்கலாம். சும்மாகூடக் கொடுத்திருக்கலாம், கோயில்தானே. அதையெல்லாம் விட்டுவிட்டு, மூன்று பேரின் ஆயுசுக்கும் விலை பேசினார்கள். விற்றவருக்கு வேறு வழியில்லை, வாங்கியவர்களுக்கு எத்தனையோ வழி இருந்தது. "பஞ்சத்தில் அடிமைமுறை நியாயம்" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் விற்கிறவன் முகத்தையே காட்டிக்கொண்டிருப்பார்கள், வாங்குகிறவன் பக்கம் திரும்பவே மாட்டார்கள். அப்புறம் இன்னொன்று, அந்தப் பெண்கள் இரண்டு பேரையும் யாராவது கேட்டார்களா என்று கல்வெட்டில் இல்லை.

நம் உச்ச நீதிமன்றம் 1982-ல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டடம் கட்டின தொழிலாளர்கள் வழக்கில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு. அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பு என்பது அடித்து வேலை வாங்குவது மட்டும் கிடையாது, வறுமையில் வேறு போக்கில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலைக்குச் சம்மதித்தாலும் அது கட்டாய உழைப்புதான், பசியின் நெருக்கடியும் பலவந்தமே என்பது அதன் சாரம். அதாவது சம்மதம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த நிலைமையில் சம்மதித்தார் என்றும் பார்க்கவேண்டும்.

இனி சூளைக்கு வருகிறேன். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு சேம்பர் (செங்கல் சூளையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), பெயர் வேண்டாம். நாங்கள் போனபோது முதலாளி ஓடவும் இல்லை ஒளியவும் இல்லை, நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். "சார், நான் யாரையாவது கட்டி வச்சிருக்கேனா? கேட்டைப் பாருங்க, பூட்டே கிடையாது. அட்வான்ஸ் வாங்கிட்டுத் தானா வந்தாங்க" என்றார். கேட்டுக்குப் பூட்டு இல்லைதான். மேஸ்திரியிடம் கணக்கு நோட்டைக் கேட்டேன். நாற்பது பக்க நோட்டு, சாணி நிற அட்டை. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே அட்வான்ஸ் 40,000. அதன் கீழே வாரச் செலவு, வாரச் செலவு, வாரச் செலவு. நடுவில் "ஆஸ்பத்திரி". மழையில் கரைந்துபோன, இன்னும் சுடாத பச்சைக்கல்லுக்குக் கழிவு, அதாவது மழை பெய்த நஷ்டமும் கல் அறுத்தவர் தலையில். ஆறு மாதம் புருஷனும் பெண்டாட்டியும் விடிய இரண்டு மணிக்கு எழுந்து மண் மிதித்துக் கல் அறுத்த பிறகு, பக்கத்தின் கடைசியில் பாக்கி 52,000 என்று போட்டிருந்தது. வாங்கினது நாற்பது, உழைத்துக் கழித்த பிறகு ஐம்பத்திரண்டு. கூட்டல் சரியாக இருக்கிறதா என்று அந்தக் குடும்பத்துக்குப் பார்க்கத் தெரியாது. நோட்டு அவர்கள் கையில் ஒரு நாளும் இருந்ததில்லை.

அந்த மனுஷனின் அம்மா செத்த சமயத்தில் ஊருக்குப் போக விட்டார்களாம். முதலாளி அதை ஒரு தர்மமாகவே சொன்னார். "பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனீங்களா?" என்று அந்தத் தொழிலாளியைக் கேட்டேன். "அவங்கள விட்டுட்டுத்தான் போகணும் சார், அதான வழக்கம்" என்றார். நான் போன சூளைகளில் எல்லாம் இதுதான் வழக்கம். கேட்டுக்குப் பூட்டு எதற்கு?

அதனால் தத்துவமெல்லாம் எனக்குத் தெரியாது, நான் பார்க்கிறது இரண்டே விஷயம்தான். "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு போக முடியுமா, அவர் கணக்கை அவர் பார்க்க முடியுமா. இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு மோர் கொடுத்தாலும் அது அடிமைத்தனம்தான். கம்பெனியில் நிற்கிறவருடைய கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அவர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போனால் அவர் பெண்டாட்டியை யாரும் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த "கம்பெனிக்காரனைவிட அடிமை மேல்" என்ற வாதமும் புதுசு இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் கொஞ்ச வருஷம் முன்னால் வர்ஜீனியாக்காரர் ஜார்ஜ் ஃபிட்ஸ்ஹ்யூ என்பவர் வடக்கத்தி ஆலைத் தொழிலாளியைக் காட்டிக்காட்டி இதையே எழுதிக்கொண்டிருந்தார்.

பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள் என்பதற்கு நான் தூரத்தில் போய் பதில் தேட வேண்டியதில்லை. அந்த வாசகர் சொல்கிற தஞ்சாவூர்ப் பண்ணைகளில் தண்டனை என்னவென்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சாணிப்பால், சவுக்கடி. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராகச் சுற்றி விவசாயத் தொழிலாளர்களைச் சேர்த்த பிறகு, 1944-ல் மன்னார்குடியில் போட்ட ஒப்பந்தத்தில் இனிமேல் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுதினார்கள். பெற்ற பிள்ளைக்குச் சாணி கரைத்து ஊற்ற மாட்டேன் என்று எந்த அப்பன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவான்? அப்புறம் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் பிறகு, 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தகராறில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பிள்ளைகள் மாதிரி இருந்தவர்கள் கூலி கேட்டதும் என்ன ஆனார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

சோறு போட்டோமே, துணி கொடுத்தோமே என்பதற்கு ஜோர்டன் ஆண்டர்சன் என்ற கறுப்பினத்தவர் சொன்ன பதிலைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அடிமையாக இருந்து விடுதலை கிடைத்து, 1865-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் டேட்டனில் குடும்பத்தோடு இருந்தார். டென்னசியிலிருந்த அவருடைய பழைய எஜமான், திரும்ப வந்துவிடு, நன்றாக வைத்துக்கொள்கிறேன் என்று கடிதம் போட்டார். இவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய பதில் அங்கே பத்திரிகையிலும் வந்தது. ரொம்ப மரியாதையாகத்தான் இருக்கும். நான் 32 வருஷம் உழைத்தேன், என் மனைவி 20 வருஷம், எனக்கு மாதம் 25 டாலர், அவளுக்கு வாரம் 2 டாலர், மொத்தம் 11,680 டாலர் ஆகிறது, வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் கொடுத்த துணிக்கும், எனக்கு மூன்று தடவை டாக்டர் வந்ததற்கும், மனைவிக்குப் பல் பிடுங்கினதற்கும் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள், உங்கள் நல்ல மனசை அப்புறம் பார்க்கலாம் என்கிற தோரணை. சோறு போட்டதைக் கணக்கில் சேர்க்கிறதென்றால் வேலை செய்ததையும் சேர்க்கத்தானே வேண்டும்? நம் பண்ணைகளிலும் சூளைகளிலும் ஒரு பக்கம் மட்டும்தான் எழுதுகிறார்கள்.

அரசாங்கங்களும் ரொம்ப நாள் அந்த ஒரு பக்கத்தைத்தான் பார்த்தன. பிரிட்டன் 1833-ல் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டபோது இரண்டு கோடி பவுன் நஷ்ட ஈடு கொடுத்தது. யாருக்கு? எஜமான்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னி இல்லை. அந்தச் சட்டத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியாவுக்கு விலக்கு. இங்கே 1843-ல் வந்த சட்டம், அடிமை மேல் எஜமானுக்கு உரிமை உண்டு என்று கோர்ட் ஏற்காது என்றதோடு சரி, அடிமை வைத்திருப்பது குற்றம் என்று சொல்லவில்லை. அடிமை ஓலையில் இருந்தது கடன் பத்திரத்துக்கு மாறிக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போது 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் எவ்வளவு துணிச்சலானது என்று நம் ஆட்களுக்கே தெரியவில்லை. முதலாளிக்கு நஷ்ட ஈடு கிடையாது. கடன் அப்படியே செல்லாமல் போய்விடுகிறது, அதைத் திருப்பி வாங்குவதே குற்றம். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் கடன் கொடுத்தவர் தலையில்தான். நான் சேர்ந்த புதிதில் இது என்ன ஒருதலைப்பட்சமாக இருக்கிறது என்று ஆபீசிலேயே பேசிக்கொள்வார்கள். நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தானே நிரூபிக்க முடியும்?

அந்த வாசகர் கடைசியில் ஒன்று எழுதியிருந்தார்: மீட்டுக்கொண்டு வந்தவர்களே திரும்ப அதே முதலாளியிடம் போகிறார்கள், அவர்களுக்கே அது பிடித்திருக்கிறது என்று. திரும்பப் போகிறார்கள் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. 2016-ன் மத்திய அரசுத் திட்டப்படி மீட்கப்பட்ட ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் மறுவாழ்வு உதவி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடனடி உதவியாகக் கொஞ்சம் கையில் வரும், முழுத்தொகையை முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வழக்கு வருஷக்கணக்கில் வாய்தாவில் ஓடும். இருளர் பழங்குடிக் குடும்பம் என்றால் வீட்டுமனைப் பட்டா இருக்காது, சாதிச் சான்று இருக்காது, ரேஷன் கார்டு இருந்தால் அதிர்ஷ்டம். மீட்டபோது கொடுத்த விடுவிப்புச் சான்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டு எத்தனை நாள் சாப்பிட முடியும்? மேஸ்திரி வந்து பத்தாயிரம் நீட்டினால் ஏறிப் போகத்தான் செய்வார்கள். திருப்பாம்புரத்து மனிதருக்கு இருந்த அதே வழிதான். இதைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள், அதில் ஒரு முதியவர் அதிகாரி காலில் விழுந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பலரும் நெகிழ்ந்துபோய்ப் பகிர்ந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கிற ஒரு வேலையை அன்றைக்குத்தான் போய்ச் செய்திருக்கிறோம், அதற்கு ஒரு பெரியவர் காலில் விழுகிறார்.

அதனால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிமைமுறை நியாயமா என்று வாசகர் பக்கத்தில் பட்டிமன்றம் நடப்பது நடக்கட்டும். கூடவே உங்கள் மாவட்டச் செய்தியாளர்களை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, கடந்த ஐந்து வருஷத்தில் எத்தனை பேருக்கு விடுவிப்புச் சான்று கொடுத்தார்கள், அதில் எத்தனை பேருக்கு முழுத்தொகை போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு கலெக்டர் அலுவலகத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் போடுங்கள். மனுவை எப்படி எழுதினால் தட்டிக்கழிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன்தானே. மாதிரி மனு வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன். கட்டணம் பத்து ரூபாய்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்,
திருவள்ளூர் மாவட்டம்